சேவியரின் வாழையை நான் வெட்டிய கோடை

வளைகுடாவில் தோட்ட வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளா, பலவகைப் பழத்தோட்டம் போடுவது எப்படி என்று என்னிடம் கேட்டீர்கள். குழி எவ்வளவு ஆழம், எந்த மரத்துக்குப் பக்கத்தில் எந்தச் செடி என்பதெல்லாம் உங்கள் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. அதைச் சொல்ல நான் எதற்கு? நான் சொல்லப்போவது பொறாமையைப் பற்றி. ஒரே தோட்டத்தில் இரண்டு மேஸ்திரிகள் இருந்தால் மூன்றாவது ஆளாக அதுவும் டியூட்டிக்கு வந்து நிற்கும். அதை வைத்துக்கொண்டுதான் நீங்கள் வேலை செய்ய வேண்டியிருக்கும், விரட்டிவிட்டு அல்ல.

இரண்டாயிரங்களின் முதல் பாதி அது. அல் ஐன் பக்கம் ஒரு தனியார் பண்ணையில் இருந்தேன். பேரீச்சை மரங்கள், ஆட்டுக் கொட்டில், ஆடுகளுக்குக் கொஞ்சம் தீவனப் புல், அவ்வளவுதான் பண்ணை. முதலாளியை அர்பாப் என்று கூப்பிடுவோம். நல்ல மனிதர், நாக்கு மட்டும் சுடும். எனக்குச் சொந்த ஊர் சின்னமனூர்ப் பக்கம். வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பழகியவன். பண்ணையில் ஆட்களை ஏவுவது, தண்ணீர் பிரிப்பது, மரம் ஏறுகிறவனின் கயிற்றைச் சரிபார்ப்பது எல்லாம் நான்தான். ஆனால் என் விசாவில் லேபர் என்றுதான் போட்டிருந்தது. அந்த விசாவில் மனைவி மக்களைக் கூட்டி வர முடியாது.

ஒரு மழைக்காலத்தில் அர்பாப் ஓமனில் இருக்கும் சலாலாவுக்குப் போனார். அங்கே தென்னையும் வாழையும் பப்பாளியும் கலந்து நிற்பதைப் பார்த்துவிட்டு வந்து, நம் பண்ணையிலும் அப்படி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பேரீச்சந்தோப்பை ஒட்டிச் சும்மா கிடந்த நிலத்தைக் காட்டினார். மா, கொய்யா, எலுமிச்சை, மாதுளை, அத்தி, சப்போட்டா, வாழை எல்லாம் காடு மாதிரி ஒன்றாக நிற்க வேண்டும். அந்த வேலை எனக்குத்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு காலையில் பண்ணை வேனிலிருந்து சேவியர் இறங்கினான்.

சேவியர் குமரிக் கடற்கரைக்காரன், என்னைவிட நன்றாக இளையவன். பெர்மாகல்ச்சர் என்று ஒரு பயிற்சி எடுத்திருந்தான். காட்டை யாரும் தண்ணீர் ஊற்றி வளர்ப்பதில்லையே, அது எப்படித் தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறதோ அப்படித் தோட்டத்தையும் அமைப்பது என்று விளக்குவான். அதெல்லாம் போகட்டும். அவன் மனைவி அல் ஐனில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். டவுனில் ஃபிளாட், வீட்டில் சமைத்த சாப்பாடு. மத்தியானம் அவன் தூக்குச் சட்டியைத் திறந்தால் தேங்காய் அரைத்த மீன் குழம்பு வாசம் நாங்கள் தங்கும் கேம்ப் வரைக்கும் வரும். நான் ஆறிப்போன பருப்பைப் பிசைந்துகொண்டு அந்த வாசத்தைச் சபித்திருக்கிறேன். அவன் படிப்பின் மேல் எனக்குப் பொறாமை வந்தது பிறகுதான். முதலில் வந்தது அந்தக் குழம்பின் மேல்.

நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அலைவதை அர்பாப் கவனித்திருக்க வேண்டும். ஒருநாள் எங்கள் இருவரையும் நிலத்துக்குக் கூட்டிப்போய்க் காலால் மணலில் ஒரு கோடு கிழித்தார். கிழக்குப் பாதி எனக்கு, மேற்குப் பாதி அவனுக்கு. அடுத்த கோடை முடியும்போது எந்தப் பாதி பச்சையாக நிற்கிறதோ அந்த ஆள் பண்ணைக்கு சூப்பர்வைசர். விசாவும் அப்படியே மாற்றித் தருவார். பண்ணை வாசலில் பூட்டிக் கிடந்த சின்ன வீடும் அவனுக்கே. சேவியருக்கு அது தினமும் டவுனிலிருந்து வந்து போகும் அலைச்சல் மிச்சம். எனக்கு அது என் குடும்பம்.

போன் கார்டு வாங்கி அன்றைக்கே ஊரில் என் மனைவி செல்விக்கு போன் போட்டேன். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடச் சொன்னேன். இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை என்றும் சொன்னேன், அது அவள் காதில் விழவில்லை. மகள் மறுநாளே பள்ளிக்கூடத்தில் போய், தான் துபாய்க்குப் போகப்போவதாக எல்லோரிடமும் சொல்லிவிட்டாளாம். அவளுக்கு இந்தப் பக்கம் எல்லாமே துபாய்தான்.

இளம் கன்றுகளுக்கு முதல் கோடையில் நிழல் வேண்டும். அதற்கு வேகமாக வளரும் துணைமரங்களை முதலில் வைக்க வேண்டும். இதில் சேவியருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எந்தத் துணைமரம் என்பதில்தான் ஆளுக்கொரு வழி. நான் கொடிக்கால்காரன், கண்ணை மூடிக்கொண்டு அகத்தி போட்டேன். எங்கள் ஊரில் வெற்றிலைக் கொடிக்கு நிழலும் கொம்பும் அதுதான். வேர் மண்ணுக்கு உரம் சேர்க்கும், இலை ஆட்டுக்கு ஆகும், மனுசனுக்கும் ஆகும். ஓரமாக, காற்றுக்குத் தடுப்பாக முருங்கை. சேவியர் ஆமணக்கு போட்டான். அகலமான இலையோடு, கரும்பச்சையாக, குப்பைமேட்டில் நிற்குமே, அந்த ஆமணக்கு. தரையில் தட்டைப்பயறு விதைத்தான். தோப்பில் வெட்டிப்போட்ட பேரீச்சை மட்டைகளை எல்லாம் துண்டு போட்டு மரத்தடியில் மெத்தை மாதிரி பரப்பினான். பார்க்க அலங்கோலமாக இருக்கும். நான் என் பக்கத்தைத் தினமும் பெருக்கிச் சுத்தமாக வைத்திருந்தேன். ஆட்களிடம் அவன் பாதியைக் காட்டி, பழத்தோட்டமா பழைய சாமான் கடையா என்று கேட்டுச் சிரிப்பேன்.

குளிர்காலம் முடிவதற்குள் என் அகத்தி ஆளுயரத்தைத் தாண்டிவிட்டது. அர்பாப் விருந்தாளிகளைக் கூட்டி வந்து காட்டினார். இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். நல்லதாக எதைப் பார்த்தாலும் மாஷா அல்லாஹ் என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் கண் பட்டுவிடும். என் பக்கம் வந்தவர்கள் சொன்னார்கள், அவன் பக்கம் போயும் சொன்னார்கள். அவர்களோடு நடந்த எனக்கு மட்டும் அவன் கொய்யாக்கன்றுகளைப் பார்த்ததும் வாய் ஒட்டிக்கொள்ளும். அர்பாப் அதையும் கவனித்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

இனிமேல் வருவதுதான் நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. அகத்தி வளர்ந்திருக்கிறது என்ற செய்தி எப்படித்தான் பரவியதோ! ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்துப் பண்ணையிலிருந்து ஒருவர் வந்து, அமாவாசைக்கு ஒரு கைப்பிடி கீரை வேண்டும் என்றார். ஊரை விட்டு வந்த பிறகு அகத்தியைக் கண்ணால் பார்க்கவில்லை என்றார். நானே பறித்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் ரோடு போடும் கம்பெனி கேம்ப்பிலிருந்து ஒரு பிக்கப் நிறைய வந்தார்கள். ஒருவருக்கு விரதம் முடிக்க, ஒருவருக்கு வாய்ப்புண்ணுக்கு, ஒருவருக்குச் சும்மா ஆசைக்கு. முருங்கைக்கீரைக்குக் கேரளக்காரர்களும் வந்தார்கள். துபாயில் அல் குசைஸிலிருந்து ஒருவர் பஸ் மாறி வந்தார், நம்பினால் நம்புங்கள். ஒருவரும் திருடவில்லை. எல்லோரும் மரியாதையாக என்னிடம் கேட்டுத்தான் பறித்தார்கள். ஆளுக்கு ஒரு கைப்பிடிதான். நான் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் சேவியர் தனியாக மட்டை வெட்டிக்கொண்டிருப்பான். ஆமணக்கு இலையை எவன் கேட்பான்? அவன் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இன்னும் ஒரு கட்டு சேர்த்துக் கொடுப்பேன்.

ஜூன் மாதச் சூடான காற்று வந்தபோது என் அகத்தி மரங்கள் விளக்குமாற்றுக் குச்சிகளாக நின்றன. நிழல் எல்லாம் அமாவாசைக் குழம்பாகப் போய்விட்டது. பெருக்கிச் சுத்தம் செய்த தரை தோசைக்கல்லாகக் காய்ந்தது. தம்பிகளா, துணைச்செடி தேர்ந்தெடுக்கும்போது ஒரு செடி எத்தனை வேலை செய்யும் என்று கேட்கச் சொல்லித் தருவார்கள். அதோடு, அந்தச் செடியின் மேல் எத்தனை பேருக்கு ஆசை என்றும் கேளுங்கள். யாருக்கும் வேண்டாத செடிதான் கடைசிவரை நிழல் தரும்.

மேற்குப் பாதி எப்படி இருந்தது என்று எனக்கு அத்துப்படி. ஏனென்றால் விடிந்ததும் என் பாதிக்குப் போவதற்கு முன் நான் போவது அங்கேதான். அவன் வருவதற்குள் ஒரு சுற்று வருவேன். எந்தக் கொய்யா வாடுகிறது, எந்த எலுமிச்சையில் இலை சுருள்கிறது, மட்டைக்கு அடியில் ஈரம் எவ்வளவு நாள் நிற்கிறது, ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். ஒன்று வாடினாலும் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கும். அதிகம் வாடவில்லை. நான் இளைத்துப்போனேன்.

ஆகஸ்டில் சேவியர் லீவு போட்டான், மனைவிக்குப் பிரசவம். பிள்ளை பிறக்கும்போது அவன் பக்கத்திலேயே நிற்கப்போகிறான். என் மகளை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவள் நடந்து வந்து, என்னைப் பார்த்துப் பயந்து, செல்வியின் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். இதை எந்தக் கணக்கில் எழுதுவது? யாரோடு சண்டை போடுவது? மட்டைகளை எட்டி உதைத்துக்கொண்டு நடந்தேன்.

அவன் போன மறுநாள் மோட்டார் புகைந்தது. பண்ணையில் இரண்டு போர்வெல். ஒரு மோட்டார் எரிந்துபோனது, இன்னொன்று பேரீச்சைக்கும் ஆடுகளுக்கும் போக மிச்சம் தருவது பழத்தோட்டத்தில் ஒரு பாதிக்குத்தான் காணும். எரிந்த கம்பிச் சுருளை எடுத்துவிட்டு மோட்டாருக்குப் புதிதாகக் காயில் கட்டுகிறவன் கோடை லீவில் ஊருக்குப் போயிருந்தான், அவன் வந்தால்தான் உண்டு. அர்பாப் வெளிநாட்டில். சேவியர் போன் ஆஃபில் இருந்தது. மோட்டார் பார்த்துக்கொள்ளும் பெஷாவர்க்காரர் கான் பாய் வால்வில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எந்தப் பக்கம் திறக்க?

அவருக்கு அதில் சந்தேகமே இல்லை. மேற்கே பச்சையாக இருப்பதைக் காப்பாற்று, கிழக்கே பாதி செத்ததற்கு எதற்குத் தண்ணீர் என்றார். யார் கேட்டாலும் நியாயம் என்றுதான் சொல்வார்கள். நான் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு என் பாதிக்குப் போய் மண்ணைத் தோண்டினேன். முழங்கை வரைக்கும் புழுதி. அடுத்த நாள் தாங்காது. மேற்கே போய் மட்டையை விலக்கிக் கையை விட்டேன். ஈரம். வெறும் ஈரமில்லை, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கிற ஈரம். இந்த மண் காயில் கட்டுகிறவன் வரும்வரை தாங்கும். கொய்யா தாங்கும், மாதுளை தாங்கும், எலுமிச்சையும் தாங்கும். தினம் பார்த்த கண், அது தெரியாதா?

வாழை மட்டும் தாங்காது. அத்தனை அகலமான இலையோடு அந்தக் காற்றில் நின்றால் இருக்கிற ஈரத்தையெல்லாம் அதுவே குடித்துவிட்டு, பக்கத்துக் கன்றையும் சாகவிட்டுத் தானும் சாகும். தண்டை நெஞ்சு உயரத்தில் வெட்டி, இலைகளை அதன் காலடியிலேயே போர்த்திவிட்டால் கிழங்கு பிழைக்கும், உள்ளிருந்து குருத்து வரும்.

கான் பாயிடம் கிழக்கே திறக்கச் சொன்னேன். பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு மேற்கே போனேன்.

முதல் வாழையை வெட்டியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன். தண்டு சரிந்து விழுந்த சத்தம் நன்றாக இருந்தது. அங்கேயே நின்று யோசித்தேன். நான் வெட்டுவது ஈரத்துக்காகவா, வயிற்றெரிச்சலுக்காகவா? என் பக்கத்துக்குத் தண்ணீர் விட்டது மண் காய்ந்ததாலா, அந்த வாசல் வீட்டுக்காகவா? எவ்வளவு யோசித்தும் பிரிக்க முடியவில்லை. மறுபடியும் மட்டையை விலக்கி மண்ணைத் தொட்டேன், ஈரமாகத்தான் இருந்தது. மனசு சுத்தமாகும்வரை காத்திருந்தால் மரம் செத்துவிடும். மிச்ச வாழையையும் வெட்டினேன். கான் பாய் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, போய் அர்பாப் மகனுக்கு போன் செய்தார்.

காயில் கட்டுகிறவன் வந்து மோட்டார் ஓடத் தொடங்கிய அன்றைக்குத்தான் அர்பாப் வந்து சேர்ந்தார். விமானத்திலிருந்து நேராகப் பண்ணைக்கு. என் பாதி தண்ணீர் குடித்துத் தெளிந்து நின்றது. சேவியர் பாதியில் இலைகள் தொங்கின, நடுவில் மொட்டையாக வாழைத் தண்டுகள். அர்பாப் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஹசத் என்றார். நம் பொறாமையையும் கண்ணேறையும் சேர்த்துச் சொல்கிற அரபுச் சொல் அது. இவன் ஒருநாளும் அந்தப் பக்கம் பார்த்து வாய் திறந்து நல்ல வார்த்தை சொன்னதில்லை என்று கான் பாயிடம் இந்தியில் சொன்னார். ஈரம், வறட்சி என்று எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கிப் பார்த்தேன். மண் ஈரமாக இருந்ததாம், அதனால் மரத்தை வெட்டினானாம் என்று அவர் திருப்பிச் சொன்னபோது எனக்கே அது கேவலமாகக் கேட்டது. கேன்சல் என்றார். வேறு சொல்லே வேண்டாம். விசா கேன்சல் ஆனால் குடும்பம் வருவது இருக்கட்டும், நானே ஊருக்குப் போக வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்து சேவியர் வந்தான். மருத்துவமனையிலிருந்து வருகிறான், முகம் மழிக்கவில்லை, சட்டையில் பால் கறை. அர்பாப் அவனிடமே கேட்டார். உன் மரம், நீயே சொல், இவனை வைத்துக்கொள்ளவா, அனுப்பவா?

சேவியர் மொட்டைத் தண்டுகளைப் பார்த்தான். தன் பாதிக்குள் நடந்து போனான். எனக்கு ஒன்று மட்டும் நன்றாகத் தெரியும். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் அனுப்பு என்றுதான் சொல்லியிருப்பேன், அதுவும் நடந்து போய்ப் பார்க்காமலே. அவன் குனிந்து மட்டையை விலக்கினான். மண்ணை எடுத்து உருட்டிப் பார்த்தான். ஒரு வாழைத் தண்டின் தலையைத் தடவினான். அங்கே குருத்து விரல் நீளத்துக்கு வெளியே வந்திருந்தது. திரும்பி வந்து அர்பாபிடம் இந்தியில் சொன்னான்:

"நான் இருந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன்."

அர்பாப் நம்பாமல், தன்னைக் குருத்து வரை கூட்டிப்போகும்படி அவனிடம் சொன்னார். நெடுநேரம் பார்த்தார். பிறகு கலாஸ், முடிந்தது என்று கையை உதறிவிட்டு வண்டியில் ஏறிவிட்டார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். சேவியர் வந்து மெதுவாகக் கேட்டான்.

"என் கொய்யா தண்ணி இல்லாம இத்தன நாள் நிக்கும்னு எனக்கே தெரியாதுண்ணே. உங்களுக்கு எப்பிடி தெரிஞ்சு?"

"தெனமும் விடியக்காலம் வந்து பாப்பேன்."

"எதுக்கு?"

"எதாச்சும் செத்திருக்கான்னு பாக்கத்தான்."

அவன் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான். பிறகு, "நல்லாத்தான் பாத்திருக்கிய" என்று சொல்லிவிட்டு வாழைக்குத் தண்ணீர் திறக்கப் போனான்.

பொறாமைப்படாதீர்கள் என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. சொன்னால் கேட்கவா போகிறீர்கள்? பொறாமை வந்தால் அடுத்தவன் முகத்தைப் பார்க்காதீர்கள், அவன் மண்ணைப் பாருங்கள். அன்பாகப் பார்க்கிறவனைவிட வயிற்றெரிச்சலில் பார்க்கிறவனுக்குக் கூடுதலாகவே தெரியும். ஆனால் வால்வைத் திறக்கும்போது கை மண்ணுக்குள் இருக்க வேண்டும். மனசைக் கேட்டால் அது எப்போதும் தன் கட்சிதான் பேசும். நான் பிறகு போட்ட தோட்டம் ஒவ்வொன்றிலும் மட்டை பரப்பினேன், ஓரத்தில் ஆமணக்கு வைத்தேன். யாரிடம் கற்றது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கோடை முடிந்ததும் அர்பாப் தீர்ப்புச் சொன்னார். இரண்டு பாதியிலும் பெரும்பாலான மரங்கள் பிழைத்திருந்தன. என் பக்கம் தண்ணீரால் பிழைத்தது, சேவியர் பக்கம் தண்ணீர் இல்லாமல் பிழைத்தது என்றார். வேலையும் வீடும் அவனுக்கு. நியாயம்தான். மறு வாரம் வாசல் வீட்டுக் கொடியில் குழந்தைத் துணி காய்ந்தது. வேலைக்குப் போக அந்த வழியாகத்தான் நடக்க வேண்டும். சின்னச் சின்னச் சட்டைகள். எரிந்தது, தம்பிகளா. இன்றைக்கு அதைச் சொல்லும்போதும் எரிகிறது.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் செல்விக்கு போன் செய்தேன். பாஸ்போர்ட் வந்துவிட்டது என்று அவள்தான் முதலில் சொன்னாள். நான் விஷயத்தைச் சொன்னேன். 

"அந்தாளு எதாச்சும் உங்களுக்குக் குழி பறிச்சானா?" என்றாள்.

"இல்ல. வேல போக இருந்துச்சு, அவந்தான் காப்பாத்துனான்."

செல்வி யோசித்தாள். அவ்வளவு தூரத்திலிருந்தும் அவள் யோசிப்பது எனக்குக் கேட்டது.

"அப்படின்னா இன்னும் மோசமுல்ல" என்றாள்.

கார்டில் காசு தீரும்வரை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவனைத் திட்டினோம்.